சாகு மகளே பா

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் தாத்தா கண்ணை மூடிவிடக் கூடாது. கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து பார்பராவின் மனசில் இதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. மாதாவே, சூளகிரி போகிற வரைக்கும் அவருக்கு மூச்சு இருக்கட்டும். மாதாவே, ஓசூர் போகிற வரைக்கும் இருக்கட்டும் என்று மைல்கல் மைல்கல்லாகக் கெஞ்சிக்கொண்டு வந்தாள். எட்டு மாத வயிற்றோடு விடியற்காலையில் ராசிபுரத்தில் ஏறியவள். சேலத்தில் ஒரு பஸ், தர்மபுரியில் ஒரு பஸ் என்று மாறி மாறி இடுப்பு கழன்று கையில் வந்துவிடும்போல் இருந்தது. மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் போர்டுகளில் புதுப் பெயிண்ட். அவளுக்கு அதைப் படிக்கவும் தெரியாது, பார்க்கவும் நேரமில்லை.

சூளகிரியில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். பார்பரா ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“அண்ணா, வண்டிய எடுங்கண்ணா! அங்க ஒரு உசுரு இழுத்துக்கினு கெடக்குது!”

“ஏம்மா, எங்களுதும் உசுருதான். ஒரு வாய் டீ குடிக்க வுடு,” என்றார் கண்டக்டர். அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்து விசில் கொடுத்தார். நல்ல மனுஷன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ரவிக்கைக்குள் அந்தப் போஸ்ட் கார்டு இருந்தது. நாலு வருஷமாகத் தகரப் பெட்டியின் அடியில் கிடந்த கார்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். செத்துப்போகச் சொல்லி எழுதியிருந்தது. எழுதினவர் பெற்ற அப்பனுக்கு மேலாக அவளை வளர்த்த தாத்தா.

இன்னாசப்பன் அப்படி எழுதினார் என்று மத்திகிரியில் போய்ச் சொன்னால் சொன்னவரை அடிக்க வருவார்கள். அப்படிப்பட்ட மனுஷர் அவர். மாட்டுப் பண்ணையில் புல் வெட்டிப் போடுகிற வேலை. ஆனால் ஊரில் யாரும் அவரைப் புல்லுக்கார இன்னாசப்பன் என்று சொன்னதில்லை, பாட்டுக்கார இன்னாசப்பன்தான். மாதா கோயிலில் பூசைக்குப் பாடுவார், ஞானஸ்நான வீட்டில் பாடுவார், சாவு வீட்டில் பிணத்தைத் தூக்குகிற வரைக்கும் தொண்டை கிழியப் பாடுவார். பூசை லத்தீனில் இருந்த காலத்தில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் முழுப் பூசையையும் கண்ணீர் விட்டுப் பாடினவர். “என்னா தாத்தா பாடின?” என்று கேட்டால், “யாருக்குத் தெரியும்? மேல இருக்கறவருக்குத் தெரியும்” என்பார். கறவை மாட்டுக்குக்கூடப் பாட்டுதான். அவர் பாடாவிட்டால் மாடு பாலை எக்கிக்கொள்ளும் என்று பண்ணைக்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பார்பராவுக்கு இரண்டு வயசாகும்போது அப்பனும் அம்மாவும் ஒரே வாரத்தில் பேதியில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டது, சோறு ஊட்டினது, ஜெபமாலை சொல்லிக் கொடுத்தது எல்லாம் தாத்தாதான். அவர் சோறு போடுகிற அழகே தனி. அவள் வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் கரண்டி நிற்காது. வயிறு வெடித்தாலும் சரி, சொன்னால்தான் நிற்கும்.

அந்த வீட்டில் போதும் என்பதைக் கன்னடத்தில்தான் சொல்லுவார்கள். “சாக்கு தாத்தா, சாக்கு!” என்று இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொள்ளுவாள். இன்னாசப்பனின் அம்மா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி, அப்பா தர்மபுரிப் பக்கம். அதனால் வீட்டில் இரண்டும் ஓடும், சந்தைக்குப் போனால் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். ஆனால் தாத்தாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. திட்டுவதெல்லாம் தமிழில் திட்டுவார், கொஞ்சுவதெல்லாம் கன்னடத்தில் கொஞ்சுவார். வாசலில் கால் வைக்கும்போதே அவர் வாயில் எந்தப் பேச்சு வருகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பார்பரா உள்ளே போவாள்.

எழுத்து மட்டும் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஞானோபதேசப் புத்தகம் படிப்பதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ் எழுத்து. தமிழ்ப் பாட்டானாலும் கன்னடப் பாட்டானாலும் லத்தீனானாலும் அந்த எழுத்தில்தான் நோட்டில் எழுதி வைப்பார். காதில் விழுந்த மாதிரி எழுதுவார். புள்ளியாவது ஒற்றாவது! வெளியூர் ஆள் யாராவது அந்த நோட்டை வாங்கிப் பாடப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அப்படி வளர்ந்தவள்தான் தீர்த்தகிரியோடு போனாள். கரண்டுக் கம்பம் நட மத்திகிரிக்கு வந்த லைன் கூலி அவன். ஆத்தூர்க்காரன், முருகனைக் கும்பிடுகிறவன். முதன்முதலில் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தவனுக்குத் தாத்தா சோறு போட்டார். பார்பரா பக்கத்தில் உட்கார்ந்து “சாக்கு, சாக்கு” என்று கத்தியதைப் பார்த்து, “சாக்கு எதுக்குங்க? மிச்சத்தை மூட்டை கட்டிக்கினு போகவா?” என்று கேட்டான். வீடே சிரித்தது. தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான். ஆறாவது மாசம் ஆத்தூரில் அவன் குலசாமி கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். மாதா கோயிலை விட்டாள், பூசையில் நன்மை வாங்குவதை விட்டாள். மறு வாரம் ஆசீர்வாதம் வாங்க இரண்டு பேரும் வந்து நின்றபோது தாத்தா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, “என் கண்ணுல முழிக்காத, போ” என்றார். தமிழில் சொன்னார்.

ஆத்தூரில் ஒரு வருஷம் பட்டபாட்டை என்னத்தைச் சொல்ல! மாமியார் கையில் எது கிடைக்கிறதோ அதால் அடித்தாள். தீர்த்தகிரி குடித்துவிட்டு வந்து யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் திண்டாடிவிட்டு, கடைசியில் பார்பராவையே அடித்தான். தலை முழுகாமல் மூன்று மாசம். பொறுக்க முடியாமல் தெருவில் இருந்த தையல்காரரைக் கெஞ்சித் தாத்தாவுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள். “தாத்தா, என்னால இங்க இருக்க முடியல. தப்புப் பண்ணிட்டேன். நான் வூட்டுக்கு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.” அவ்வளவுதான் எழுதச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தபால்காரர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் நின்றார். “படிங்கண்ணா, எங்க தாத்தா எழுத்துதான்” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரிய பெரிய எழுத்தாக மூன்றே வார்த்தை.

“சாகு மகளே... பா,” என்று படித்தார் அவர்.

“என்னாங்க?”

“சாகு மகளேன்னு எழுதியிருக்கு தாயி. அப்பறம் பா-ன்னு ஒத்தை எழுத்து. உன் பேரை எழுத வந்திருப்பாரு, பார்பரான்னு. பேரை எழுதக்கூட மனசு வராம நிறுத்திட்டாரு போல.” அவர் கண் கலங்கிவிட்டது. “பெரியவங்க கோவத்துல எழுதறதுதான், மனசுல வச்சுக்காத,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். சாயந்திரம் தீர்த்தகிரி வந்து கார்டை வாங்கிப் பார்த்தான். அவனும் அதையேதான் படித்தான்.

அதோடு முடிந்தது. அப்புறம் தம்மம்பட்டி லைனுக்கு வேலை மாறியது. குழந்தை அங்கே தகரக் கொட்டகையில் பிறந்தது. ஆண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது பெண். பதினோரு மாசம் இருந்து, ‘அம்மா’ சொல்லி, ஒரு பல்லும் முளைத்து, இரண்டு நாள் காய்ச்சலில் போனது. பெண் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று தீர்த்தகிரி குடிக்காமலேயே சுவரைப் பார்த்துச் சொன்னான்: “உங்க தாத்தன் பாடிப் பாடிச் சாமிகிட்ட வரம் வாங்கின வாய்டி அது. சும்மா போவுமா?” பார்பராவுக்கும் அதுதான் தோன்றியது. மத்திகிரியில் காணாமல் போன மாடு கிடைக்கவேண்டும் என்றால்கூட இன்னாசப்பனிடம் வந்து ஒரு ஜெபம் சொல்லச் சொல்லுவார்கள். அந்த வாய் சாகு என்று சொல்லியிருக்கிறது. அவளைத் தொட முடியாமல் வயிற்றில் இருப்பதைத் தொடுகிறது.

இப்போது மூன்றாவது. போன வாரம் ராசிபுரம் லைனில் தீர்த்தகிரியோடு வேலை செய்ய ஓசூர்ப் பக்கத்து ஆள் திம்மராயன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். பேச்சுவாக்கில் அவன்தான் சொன்னான், மத்திகிரிப் பாட்டுக்காரத் தாத்தா வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார், சாமியார் வந்து சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டார் என்று. மறுநாளே தீர்த்தகிரி அவளைப் பஸ் ஏற்றிவிட்டான். “போய் அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கச் சொல்லு. கால்ல விழு, என்னா வேணா பண்ணு. அவரு அதோட போயிட்டார்னா இதுவும் தங்காது பார்பரா,” என்றான். அவனும் இரண்டு குழந்தைக்குக் குழி வெட்டினவன்தானே.

மத்திகிரியில் இறங்கும்போது மணி நாலு இருக்கும். தாத்தா வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்பராவைப் பார்த்து முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து, கன்னடத்தில் உள்ளே வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள், அப்புறம் வாயில் முந்தானையை வைத்து அழுதாள். பார்பரா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“போயிட்டாரா?”

“இல்ல பொண்ணே, இருக்காரு,” என்று உள்ளேயிருந்து பவுலினா சித்தி வந்தாள். சித்தப்பா அருள்ஜோசப்பின் பெண்டாட்டி. தாத்தாவை வைத்துப் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். சித்தி அவளைத் திட்டுவாள் என்று நினைத்து வந்தாள். சித்தி அவள் வயிற்றில் கையை வைத்து, “இத்தினி வயித்தோட பஸ்ஸுல வந்தியா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?” என்றாள். அவ்வளவுதான் திட்டு.

நார்க் கட்டிலில் தாத்தா கிடந்தார். அவ்வளவு பெரிய மார்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வலது கை கட்டிலை ஒட்டிச் சும்மா கிடந்தது. கழுத்தில் ஜெபமாலை. கண் மட்டும் அதே கண்.

“பேச்சு சுத்தமா நின்னுடுச்சு,” என்றாள் சித்தி. “தண்ணி வேணும்னாக்கூடச் சொல்லத் தெரியல. ஆனா ஒரு அதிசயம் பாரு, சாயந்திர மணி அடிச்சா மட்டும் பாட்டு ஒரு வரி வாயில வருது. டாக்டரே கேட்டுட்டு ஆச்சரியப்பட்டாரு.”

பார்பரா கட்டிலருகே உட்கார முடியாமல் உட்கார்ந்தாள். “தாத்தா, நான் பார்பரா வந்திருக்கறேன்.” அவருடைய இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது. இடது கை தடவித் தடவி வந்து அவள் தலைமேல் விழுந்தது. தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, வார்த்தையாகவில்லை.

அந்தக் கை தலையில் பட்டதும் அவளுக்கு எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. கார்டை வெளியே எடுத்தாள்.

“தாத்தா, நீ எனக்குக் கார்டு எழுதினியே, நெனப்பு இருக்குதா? நான் வரட்டுமான்னு கேட்டதுக்கு ஒரு கார்டு போட்டியே?”

அவர் கண் கார்டுக்குப் போனது. மெதுவாகத் தலையை ஆட்டினார், நினைவு இருக்கிறது என்று.

“அந்த வார்த்தையத் திருப்பி வாங்கிக்க தாத்தா. ரெண்டு புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டேன். எனக்குப் போதும் தண்டனை. இந்த ஒண்ணையாவது வுட்டுடச் சொல்லு. வேண்டாம்னு ஒரு தலையாட்டு ஆட்டு, வாபஸ் வாங்கிட்டேன்னு ஆட்டு, அது போதும். தாத்தா, உன் கால்ல விழுந்து கேக்கறேன்.” விழ முடியவில்லை, வயிறு இடித்தது. கட்டில் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு அவருடைய பாதத்தில் நெற்றியை வைத்தாள். “வாபஸ் வாங்கிட்டியா தாத்தா?”

தாத்தா அவளையே பார்த்தார். அப்புறம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். மாட்டேன் என்று.

“தாத்தா!”

மறுபடியும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் மாட்டேன் என்கிறார். இடது கையால் கார்டைப் பிடித்து அவள் பக்கமே தள்ளினார்.

பார்பரா போட்ட சத்தத்தில் கெம்பம்மா ஓடிவந்தாள். “இப்பிடியும் ஒரு மனசு இருக்குமா? சாமி சாமின்னு பாடினியே, இதுக்குத்தான் பாடினியா? நீ ஊட்டி வளத்த வயிறுதானே இது!” என்று பார்பரா வாயில் வந்ததையெல்லாம் கத்தினாள். சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னா கார்டுடி? என்னாத்துக்குடி அவர இந்தக் கேள்வி கேக்கற?” என்று அவளைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்காரவைத்தாள். பார்பரா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே குழந்தை புரண்டது. இதுவும் போகப்போகிறது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அழுகைகூட நின்றுவிட்டது.

கோயிலில் மணி அடித்தது. சித்தி சிலுவை போட்டுக்கொண்டு திரிகால ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அது முடிந்ததும் கட்டிலில் இருந்து அந்தக் குரல் வந்தது. உடைந்த குரல்தான், ஆனால் ராகம் ஒரு இழை பிசகவில்லை.

“சாக்கு சுவாமி சாக்கு... நின்ன பாதவே சாக்கு...”

போதும் சுவாமி போதும், உன் பாதமே போதும். அவரே கட்டின பாட்டு. சின்ன வயசில் தூங்கப் போகுமுன் தினமும் கேட்ட பாட்டு. பார்பரா காதைப் பொத்திக்கொண்டாள். பாடுகிற வாயைப் பார், என்று நினைத்தாள்.

பாட்டு ஓயும்போது அருள்ஜோசப் சித்தப்பா பண்ணை வேலை முடிந்து உள்ளே வந்தார். பார்பராவைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்குப்போசியைக் கீழே வைக்க மறந்து நின்றார். “வந்துட்டியா?” என்றார். அப்புறம் கீழே கிடந்த கார்டைக் குனிந்து எடுத்தார். “இது அப்பா எழுத்தாச்சே. இதப் போட்டே நாலு வருசம் ஆவுது. நான்தான் ஓசூருக்குப் போய்ப் பெட்டியில போட்டேன்.”

“உங்களுக்கும் தெரியுமா சித்தப்பா?” என்று பார்பரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “என்னைச் சாவச் சொல்லி எழுதினது தெரிஞ்சே போட்டீங்களா?”

“சாவச் சொல்லியா?” சித்தப்பா அவளையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரு சொன்னது?”

“படிங்க! சாகு மகளேன்னு எழுதல?”

சித்தப்பா கார்டை விளக்குப் பக்கம் பிடித்துப் படித்தார். தாத்தா சொல்கிற மாதிரியே படித்தார், நோட்டைப் பார்த்துப் பாடிப் பழகின வாய். “சாக்கு மகளே, பா.” நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “போதும் மகளே, வா-ன்னு எழுதியிருக்காரு பொண்ணே. அங்க பட்டது போதும், வந்துடுன்னு. கன்னடத்துல இல்ல எழுதியிருக்காரு!”

சித்தப்பாவே போய் மாடத்திலிருந்த பாட்டு நோட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். “இங்க பாரு. உனக்குப் படிக்கத் தெரியாது, எழுத்து ஒண்ணாட்டம் இருக்குதான்னு மட்டும் பாரு. இந்தப் பாட்டுல எங்கியாவது ரெண்டு க போட்டிருக்காரா? எல்லாம் ஒத்தை க-தான். சாகு சுவாமி சாகுன்னுதான் எழுதி வச்சிருக்காரு. நாங்க சாக்குன்னுதான் பாடறோம். அவுரு என்னைக்கு ஒழுங்கா எழுதினாரு?”

பார்பரா பார்த்தாள். நோட்டில் ஒரே வரியில் இரண்டு தடவை இருந்த அந்த வார்த்தையும் கார்டில் இருந்த முதல் வார்த்தையும் கோடு கோடாக ஒன்றாக இருந்தன. பா. வாசலில் கெம்பம்மா இரண்டு தடவை கூப்பிட்டாளே, அதே பா. அவள் பெயர் இல்லை அது. தட்டை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை அவளே கத்தின வார்த்தையைத்தான் தாத்தா எழுதியிருக்கிறார். கொஞ்சுகிற பேச்சில் எழுதியிருக்கிறார். ஆத்தூர்த் தபால்காரருக்கு அது எப்படித் தெரியும்? தீர்த்தகிரிக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க முடியும்.

“நீ வருவ வருவன்னு பாத்தாரு,” என்றார் சித்தப்பா. “அப்பறம் அவரே ஆத்தூருக்குப் போனாரு. நீங்க வூட்டக் காலி பண்ணிக்கினு எங்கியோ போயிட்டீங்கன்னு சொன்னாங்களாம். திரும்பி வந்து, ‘கூப்ட்டேன் அருளு, அவளுக்கு வர மனசில்ல’ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்பறம் உன் பேச்சை எடுத்தா எழுந்து வெளிய போயிடுவாரு.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினாரே. எதை வாபஸ் வாங்க மாட்டேன் என்றார் என்று இப்போது புரிந்தது. வா என்று கூப்பிட்டதை வாபஸ் வாங்கு வாங்கு என்று காலைப் பிடித்துக்கொண்டு கதறியிருக்கிறாள்.

“மூணு மாசம்,” என்றாள் பார்பரா. யாருக்கும் விளங்கவில்லை. “கார்டு வந்தப்ப எனக்கு மூணு மாசம் சித்தி. அன்னைக்கே பஸ் ஏறியிருந்தா அவன் இங்க பொறந்திருப்பான். இந்த வூட்டுல பொறந்திருப்பான். தம்மம்பட்டில, மழையில, தகரத்துக்கு அடியில... ஒம்பது நாளும் ஈரத்துணியிலயே கெடந்தான் சித்தி. பண்ணைப் பால் இருந்திருக்கும். நீ இருந்திருப்ப. ஐயோ, தாத்தா கூப்ட்டாரே! கூப்ட்டாரே! நானே கொன்னுட்டேனே எம்புள்ளைங்கள!” வாயில் வாயில் அடித்துக்கொண்டாள். கெம்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சாபம் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி வரும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்த இடத்தில் இருந்து பார்த்திருக்கவேண்டும். சாபம் என்று இருந்தவரைக்கும் குற்றம் சொல்ல ஒரு ஆளாவது இருந்தார்.

வெகு நேரம் கழித்துச் சித்தி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். “காலையிலருந்து அவரு ஒண்ணும் முழுங்கல. நீ குடு. உன் கையால குடிச்சாலும் குடிப்பாரு.”

பார்பரா முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தாத்தாவின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதல் கரண்டி உள்ளே போயிற்று. இரண்டாவது பாதி உள்ளே, பாதி தாடையில் வழிந்தது. துடைத்தாள்.

“பந்தே தாத்தா,” என்றாள். வந்துவிட்டேன் என்று. நாலு வருஷம் கழித்து அந்தக் கார்டுக்குப் பதில். “நீ பா-ன்னு எழுதினியே, பந்தே. இனிமே எங்கியும் போக மாட்டேன். ஒரு மாசம் இரு தாத்தா. இன்னும் ஒரே ஒரு மாசம். இது பொறக்கட்டும். நீ தலையில கை வச்சு ஒரு பாட்டுப் பாடிட்டுப் போ. என் ராசா, ஒரு மாசம் எனக்காக இரு.”

மூன்றாவது கரண்டியை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். தாத்தாவின் இடது கை மெல்ல எழுந்து கிண்ணத்தின் வாயை மூடியது, அவள் சின்ன வயசில் தட்டை மூடின மாதிரி. அவளை நிமிர்ந்து பார்த்தார். பாட்டாக வரவில்லை, பேச்சாகத்தான் வந்தது. படுத்த நாளிலிருந்து அவர் பேசின ஒரே வார்த்தை.

“சாக்கு... மகளே.”

சித்தப்பா கஞ்சியைச் சொல்கிறார் என்று நினைத்து, “இன்னும் ரெண்டு வாய் குடிங்கப்பா” என்றார். இந்தத் தடவை பார்பராவுக்குச் சரியாகத்தான் காதில் விழுந்தது. ஒரு மாசம் இரு என்றதற்குத்தான் அந்தப் பதில். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.